‘ஓபன்’ பட்டனை அழுத்தினால் கதவு மூடினால் என்ன ஆகும்? கப்பல் கதவுகளில் மோட்டார் திசை மாறுவது எப்படி?

கரன்ட் வந்துவிட்டது. மோட்டாரும் ஓடுகிறது. ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தாலும் பாதிதான். கிள்ளை, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் மும்முனை மின் இணைப்பு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இந்த நிலைமை புதிதல்ல. “மோட்டார் ரிவர்ஸ் சுத்துதுப்பா” என்று சொல்லிவிட்டு வயர்மேனுக்கு போன் போடுவார்கள். புயல் காற்றில் அறுந்த கம்பியை மறுபடி இழுத்துக் கட்டும்போதோ, டிரான்ஸ்ஃபார்மரில் வேலை பார்க்கும்போதோ ரெண்டு கம்பி இடம் மாறியிருக்கும். அவர் வந்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, ரெண்டு வயரைக் கழற்றி மாற்றிப் போடுவார். தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிடும்.

வயலில் இந்தக் குளறுபடியால் போவது ஒரு நாள் பாசனம். இறால் குட்டையில் ஏரேட்டரின் துடுப்புச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் கொஞ்சம் கூடுதல் நஷ்டம். இதே குளறுபடி நடுக்கடலில், ஒரு கப்பலின் அடித்தளத்தில், சில நூறு கிலோ எடையுள்ள இரும்புக் கதவை இயக்கும் மோட்டாரில் நடந்தால்? ‘திற’ என்று பட்டனை அழுத்துபவரை நோக்கிக் கதவு மூட வரும். அதைவிட மோசம், அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஏன் நிற்காது என்பதைப் புரிந்துகொள்ள, மோட்டார் எப்படித் திசை மாறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ரெண்டு வயர் மாறினால் போதும், எப்படி?

மும்முனை மின்சாரம் என்றால் மூன்று கம்பிகள். நம் ஊர் வழக்கப்படி சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்றிலும் மின்சாரம் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வராது. முதலில் சிவப்பு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், மறுபடி சிவப்பு என்று வரிசையாக வரும். மோட்டாருக்குள் மூன்று சுருள்கள் வட்டமாக அமைந்திருக்கின்றன. எந்தச் சுருளில் மின்சாரம் உச்சத்தில் இருக்கிறதோ, காந்த இழுப்பு அந்தப் பக்கம் நகரும். இப்படி வட்டமாக நகரும் காந்தப்புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவதுதான் நடுவில் இருக்கும் ரோட்டார்.

மூன்று சிறுவர்கள் வட்டமாக நின்று பந்து போட்டு விளையாடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாமவன் இரண்டாமவனுக்கு, அவன் மூன்றாமவனுக்கு, அவன் மறுபடி ஒன்றாமவனுக்கு. பந்து வலப்பக்கமாகச் சுற்றுகிறது. இப்போது இரண்டாமவனையும் மூன்றாமவனையும் இடம் மாறி நிற்கச் சொல்லுங்கள். அதே எண் வரிசையில்தான் பந்து போகிறது. ஆனால் இடப்பக்கமாகச் சுற்றும். எந்த ரெண்டு பேரை மாற்றினாலும் இதேதான். மூன்று பேருமே ஆளுக்கு ஓர் இடம் நகர்ந்து நின்றால் மட்டும் திசை மாறாது. அனுபவம் இல்லாதவர்கள் மூன்று வயரையும் கழற்றி மாற்றிவிட்டு, “இன்னும் அப்படியேதான் சுத்துது” என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

முடசல் ஓடையில் நிற்கும் டீசல் படகுகளோடு ஒப்பிட்டால் இதன் சுலபம் தெரியும். படகை பின்னால் எடுக்க வேண்டுமென்றால் எஞ்சின் திரும்பச் சுற்றாது. அது எப்போதும் ஒரே பக்கம்தான் ஓடும். இடையில் இருக்கும் கியர்பாக்ஸ்தான் புரொப்பல்லரைத் திருப்பிச் சுற்ற வைக்கிறது. (பெரிய சரக்குக் கப்பல்களின் இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் விதிவிலக்கு. அவற்றை நிறுத்தி எதிர்த்திசையில் மறுபடி கிளப்பவே முடியும்.) மின் மோட்டாருக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. கியர், கிளட்ச் எதையும் தொடாமல் ரெண்டு கம்பியை மாற்றினாலே திசை மாறிவிடும்.

கப்பலில் எங்கே இருக்கின்றன இந்தக் கதவுகள்?

கப்பலின் உடல் உள்ளே குறுக்குச் சுவர்களால் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் அந்த ஒரு அறையோடு நிற்க வேண்டும் என்பதற்காக. ஆனால் ஊழியர்கள் எஞ்சின் அறைக்கும் பம்ப் அறைக்கும் போய்வர வேண்டுமே? அதற்காக அந்தச் சுவர்களில் வைக்கப்படுபவைதான் நீர்புகாக் கதவுகள். கப்பல்காரர்கள் ‘வாட்டர்டைட் டோர்’ என்பார்கள். மின்சக்தியில் இயங்கும் வகை, கீல் வைத்துத் திறக்காது. நம் ஊர் இரும்பு கேட் தண்டவாளத்தில் நகர்வதுபோல் பக்கவாட்டில் நகரும்.

1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலும் இப்படிக் கதவுகள் இருந்தன. அங்கே மின்சாரத்துக்கு ஒரே ஒரு வேலைதான். மேலே கப்பலை இயக்கும் அறையான ‘பிரிட்ஜில்’ சுவிட்ச்சைத் திருப்பினால், கதவைத் தூக்கிப் பிடித்திருக்கும் பிடி விடுபடும்; கதவு தன் எடையாலேயே கீழே இறங்கும். திரும்ப மேலே ஏற்ற வேண்டுமென்றால் கையால்தான் சுற்ற வேண்டும். மூடுவதற்கு மின்சாரம், திறப்பதற்கு மனித உழைப்பு. அந்த விபத்துக்குப் பிறகு 1914-ல் உருவானதுதான் ‘சோலாஸ்’ எனப்படும் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை. இப்போது நடைமுறையில் இருப்பது அதன் 1974-ம் ஆண்டு வடிவமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும். பயணிகள் கப்பல்களின் மின்சக்திக் கதவுகள் எப்படி இருக்க வேண்டும் என்று அது நொடிக்கணக்கில் சொல்கிறது.

கதவை இயக்க ரெண்டு வழிகள் உண்டு. ஒன்று, எண்ணெய் அழுத்தம், அதாவது ஹைட்ராலிக். அதில் பம்ப் மோட்டார் ஒரே திசையில்தான் ஓடும். எண்ணெயை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை வால்வு முடிவு செய்யும். இன்னொன்று, ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனி மின் மோட்டார். இந்த இரண்டாவது வகையில்தான் நம் வயர்மேன் செய்த வேலையை ஒரு சர்க்யூட் தானாகச் செய்ய வேண்டியிருக்கிறது, நாள் முழுக்க, தப்பே இல்லாமல்.

ரெண்டு கான்டாக்டர், நடுவில் ஒரு காவல்

ஒவ்வொரு தடவையும் வயரைக் கழற்றி மாட்ட முடியாது. அதனால் ரெண்டு கான்டாக்டர்கள் வைக்கப்படுகின்றன. கான்டாக்டர் என்பது மின்காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச். தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட்டரில் ‘டக்’கென்று இழுத்துப் பிடிக்குமே, அதே சாமான். ‘திற’ கான்டாக்டர் மூன்று கம்பிகளையும் வரிசைப்படி மோட்டாருக்குக் கொடுக்கும். ‘மூடு’ கான்டாக்டர் அதில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றிக் கொடுக்கும். மஞ்சள் ரெண்டிலும் அப்படியே.

ஆபத்தும் இங்கேயேதான். ரெண்டு கான்டாக்டரும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டால் சிவப்பும் நீலமும் நேரடியாக முட்டிக்கொள்ளும். ஷார்ட் சர்க்யூட். பெட்டியே வெடிக்கலாம். பதற்றத்தில் ஒருவர் திற, மூடு ரெண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்கூட இது நடக்கக் கூடாது.

அதனால் ‘இன்டர்லாக்’ என்ற பூட்டு வைக்கிறார்கள், அதுவும் வழக்கமாக ரெண்டு விதமாக. முதலாவது மின்சாரப் பூட்டு. ‘திற’ கான்டாக்டர் இழுத்தவுடன், ‘மூடு’ கான்டாக்டரின் சுருளுக்குப் போகும் பாதையைத் தன் பக்கவாட்டு முனையால் அறுத்துவிடும். இரண்டாவது இயந்திரப் பூட்டு. ரெண்டு கான்டாக்டருக்கும் நடுவில் ஏற்றப்பலகைபோல் ஒரு சின்ன நெம்புகோல். ஒரு பக்கம் உள்ளே போனால் மறுபக்கம் உள்ளே போகவே முடியாது. மின்சாரப் பூட்டு ஒன்றே போதாதா என்று கேட்கலாம். கான்டாக்டரின் முனைகள் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்வது உண்டு. அப்போது சுருளில் மின்சாரம் இல்லாவிட்டாலும் அது விடாது. உப்புக் காற்றும் அதிர்வும் நிறைந்த இடத்தில் எதையும் ஒரே பூட்டை நம்பி விடுவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. முழு வேகத்தில் ஒரு பக்கம் சுற்றும் மோட்டாரை நிறுத்தாமல் அப்படியே மறுபக்கம் திருப்பினால் என்ன ஆகும்? நிற்கும் மோட்டாரைக் கிளப்பும்போதே அது வழக்கமாக எடுக்கும் மின்சாரத்தைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு வரை இழுக்கும். ஓடிக்கொண்டிருப்பதைத் திருப்பினால் அதைவிட அதிகம். கியர் பற்களுக்கும் அடி விழும். எனவே பல சர்க்யூட்டுகளில் ஒரு திசையை விட்டு மறு திசைக்குப் போகும்முன் ஒரு சிறு இடைவெளியைக் கட்டாயமாக்கும் டைமர் இருக்கும்.

எங்கே நிற்பது என்று கதவுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. கதவின் ரெண்டு ஓரங்களிலும் இருக்கும் லிமிட் சுவிட்ச்சுகள்தான் அதற்குக் கண். கதவு முழுசாகத் திறந்ததும் அந்தப் பக்கச் சுவிட்ச்சைத் தட்டும். ‘திற’ கான்டாக்டரின் பாதை அறுந்து மோட்டார் நிற்கும். முழுசாக மூடியதும் இந்தப் பக்கச் சுவிட்ச். ‘மூடு’ பாதை அறும். ஒரு திசையின் பாதை அறுந்தாலும் மறு திசையின் பாதை உயிரோடு இருக்கும். இல்லாவிட்டால் ஒருமுறை மூடிய கதவை மறுபடி திறக்கவே முடியாதே.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். எங்கோ ரெண்டு கம்பி மாறி, மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது என்று வையுங்கள். ‘திற’ பட்டனை அழுத்துகிறீர்கள். ‘திற’ கான்டாக்டர் இழுக்கிறது. ஆனால் கதவு மூடும் பக்கம் ஓடுகிறது. கடைசியில் ‘மூடியாச்சு’ சுவிட்ச்சைத் தட்டுகிறது. அந்தச் சுவிட்ச் எதை அறுக்கும்? ‘மூடு’ பாதையை. ஓடிக்கொண்டிருப்பதோ ‘திற’ பாதை! அதை அறுக்க வேண்டிய சுவிட்ச் அந்தக் கோடியில் தொடாமலேயே கிடக்கிறது. மோட்டார் நிற்காமல் கதவை இரும்புச் சட்டத்தில் வைத்து நெரிக்கும். இழுவை விசையை அளந்து நிறுத்தும் டார்க் சுவிட்ச்சோ, கூடுதல் மின்சாரத்தைக் கண்டு சூடேறி விழும் ஓவர்லோடு ரிலேவோதான் அப்போது கடைசிக் காப்பு. நடுவில் ஆள் இருந்தால், ரிலே சூடேறும் வரை அவருக்கு நேரம் இருக்காது.

பாதுகாப்புக்கென்றே வைத்த சுவிட்ச்சுகள், வெளியே வரும் ரெண்டு கம்பி மாறிய ஒரே காரணத்தால் செல்லாக்காசாகிவிடுகின்றன. இந்த சர்க்யூட்டில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

பிரிட்ஜில் எரியும் விளக்கு யாருடைய சாட்சி?

லிமிட் சுவிட்ச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேலே பிரிட்ஜில் இருக்கும் பலகைக்குத் தகவல் சொல்வது. சோலாஸ் விதிப்படி முழுசாகத் திறந்திருந்தால் சிவப்பு விளக்கு, முழுசாக மூடியிருந்தால் பச்சை. பிரிட்ஜிலிருந்து மூட உத்தரவிட்ட பிறகு கதவு இடையில் இருந்தால் சிவப்பு விட்டு விட்டு எரியும். சாலை சிக்னலில் பச்சை என்றால் ‘வழி திறந்திருக்கிறது’. கப்பலில் பச்சை என்றால் ‘வழி மூடியிருக்கிறது’.

இந்த விளக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகம் கசப்பாகத்தான் கற்றுக்கொண்டது. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீப்ரக் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ‘ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ என்ற பயணிகள் கப்பல், வண்டிகள் ஏறும் முன்பக்கக் கதவைத் திறந்து வைத்தபடியே கடலுக்குள் போனது. சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவு மூடியிருக்கிறதா என்று கேப்டனுக்குக் காட்ட பிரிட்ஜில் ஒரு விளக்குகூட இல்லை. அந்த நிறுவனத்தின் கேப்டன்கள் அதற்கு முன்பே இப்படி ஒரு விளக்கு கேட்டு எழுதியிருந்தார்கள் என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரிந்தது.

சரி, விளக்கு இருந்தால் போதுமா? 1994 செப்டம்பர் 28 அன்று பால்டிக் கடலில் மூழ்கிய ‘எஸ்டோனியா’வில் விளக்கு இருந்தது. புயலில் அதன் முகப்பு மூடி பிய்த்துக்கொண்டு போனபோது, பிரிட்ஜிலிருந்த விளக்குகள் அதைக் காட்டவில்லை. 852 உயிர்கள் போயின. இரண்டும் வண்டி ஏறும் முகப்புக் கதவுகள். நாம் பேசும் உட்கதவுகள் அல்ல. ஆனால் பாடம் ரெண்டுக்கும் பொது. விளக்கு காட்டுவது சுவிட்ச்சின் நிலையை மட்டும்தான். சுவிட்ச் எதோடு இணைந்திருக்கிறதோ அதைப் பற்றித்தான் அதற்குத் தெரியும். ஓர் எலக்ட்ரீஷியன் சுவிட்ச்சை அரை அங்குலம் தள்ளிப் பொருத்தினால், அரை அங்குலம் திறந்த கதவுக்கும் பச்சை எரியும்.

மூடலாம், ஆனால் மேலிருந்து திறக்கக் கூடாது

விதிகளில் சில, முதலில் படிக்கும்போது வினோதமாகத் தோன்றும். பிரிட்ஜிலிருந்து எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் மூட முடிய வேண்டும், அதுவும் 60 நொடிக்குள். ஆனால் பிரிட்ஜிலிருந்து ஒரு கதவைக்கூடத் திறக்க முடியக் கூடாது. காரணம் எளிது. கதவுக்கு மறுபக்கம் கடல் நிற்கிறதா என்பது மேலே இருப்பவருக்குத் தெரியாது. கதவருகே நிற்பவர்தான் திறக்க வேண்டும்.

கதவு நகரும் வேகத்துக்கும் ரெண்டு பக்க வரம்பு உண்டு. கப்பல் சாயாமல் நேராக இருக்கும்போது ஒரு கதவு மூட 40 நொடிக்கு மேல் ஆகக் கூடாது. 20 நொடிக்குக் குறையவும் கூடாது. தண்ணீர் வரும்போது சீக்கிரம் மூட வேண்டியதுதானே? மூடலாம், ஆனால் அதே வாசலில் ஓர் ஆளும் ஓடி வந்துகொண்டிருக்கலாம். பிரிட்ஜிலிருந்து மூடும்போது, கதவு நகரத் தொடங்கும்முன் 5 முதல் 10 நொடி வரை மணி ஒலிக்க வேண்டும். முழுசாக மூடும்வரை ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுப் பலகையில் ரெண்டு நிலைகள் உண்டு. வழக்கமான நிலையில் கதவை அங்கேயே இருப்பவர் திறப்பார், மூடுவார், தானாக மூடாது. அவசர நிலைக்குத் திருப்பினால் திறந்திருக்கும் எல்லாக் கதவும் மூடும். அந்த நேரத்தில் உள்ளே மாட்டிக்கொண்டவர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் மோட்டார் திசை மாறிக் கதவு திறக்கும். கையை விட்டதும் மறுபடி மூட ஆரம்பிக்கும். அவர் பிடித்திருக்கும்வரைதான் அவருக்கு வழி. இதனால்தான் சுவரின் ரெண்டு பக்கமும் கைப்பிடி வைக்க வேண்டும், கடந்து போகிறவர் ரெண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள வசதியாக அது இருக்க வேண்டும் என்கிறது விதி. ஒரு கையில் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, ஒரு கைப்பிடியை மட்டும் இழுத்துவிட்டு நுழைகிறவர் நசுங்குவது இங்கேதான். இப்படி உயிரிழந்த மாலுமிகள் உண்டு.

ஊரில் நாம் பழகிய லிஃப்ட் கதவு வேறு ரகம். கையை நீட்டினால் ஒளிக்கதிர் சென்சார் பார்த்துவிடும், கதவு தானாகத் திரும்பித் திறக்கும். அந்தப் பழக்கத்தோடு கப்பலுக்குப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தரப்படுவது, ‘அது உன்னைப் பார்க்காது’ என்பதுதான். நீர்புகாக் கதவின் வேலை, தண்ணீரும் மிதந்து வரும் பொருளும் தள்ளினாலும் மூடுவது. தடையைக் கண்டு பின்வாங்கினால் அதை வைத்ததற்கே அர்த்தமில்லை.

மின்சாரம் போனால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. பிரதான மின்சாரமும் அவசர ஜெனரேட்டரும் கைவிட்டாலும், இடைக்கால மின்சாரத்தில் கதவை மூன்று முறை இயக்க முடிய வேண்டும். மூடு, திற, மறுபடி மூடு. அதுவும் கப்பல் 15 டிகிரி சாய்ந்திருக்கும்போது. அதுவும் போனால் கையால் சுற்றி 90 நொடிக்குள் மூடலாம். மின்சர்க்யூட்டில் எந்த ஒரு கோளாறு வந்தாலும், மூடிய கதவு தானாகத் திறந்துவிடக் கூடாது என்பது இன்னொரு கட்டாயம்.

கம்பி மாறாமல் பார்ப்பது யார்?

கப்பல் துறைமுகத்தில் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு கரை மின்சாரம் வாங்கும்போது மூன்று கம்பிகளும் வரிசை மாறி வந்துவிட வாய்ப்பு உண்டு. ஒரு கதவு மட்டுமல்ல, கப்பலில் இருக்கும் அத்தனை மும்முனை மோட்டார்களும் எதிர்த்திசையில் ஓடும். எனவே கரை இணைப்புப் பெட்டியில் வரிசையைக் காட்டும் கருவி இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் சுவிட்ச்சைப் போடுவார்கள். வரிசை தப்பினால் கான்டாக்டரையே இழுக்க விடாத ‘ஃபேஸ் சீக்குவென்ஸ் ரிலே’ என்ற கருவியும் உண்டு. ஊரில் சப்மெர்சிபிள் மோட்டார் பேனல்களிலும் இதே ரிலேவைப் பார்க்கலாம். விலை ஒரு மோட்டார் ரீவைண்டிங் கூலியைவிடக் குறைவு என்பதால், கம்பி அடிக்கடி அறுந்து ஒட்டப்படும் கடலோரப் பகுதியில் அது வீண் செலவு இல்லை.

ஆனால் இந்த ரிலே காவல் காப்பது வரும் மின்சாரத்தை மட்டும்தான். மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் செய்து திரும்ப மாட்டும்போது, மோட்டார் முனையிலேயே ரெண்டு வயர் மாறினால் அதற்குத் தெரியாது. அங்கே மனிதக் கண்தான். கப்பலில் இந்த வேலை எலக்ட்ரோ-டெக்னிக்கல் ஆபீசருடையது. 2010-ல் மணிலாவில் திருத்தப்பட்ட சர்வதேச விதிகள், இந்தப் பதவிக்குத் தனித் தகுதிச் சான்றிதழை உருவாக்கின. எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டுக் கப்பல் வேலையைத் தேடும் நம் பக்கத்து இளைஞர்கள் போகக்கூடிய ஒரு வழி இது.

மோட்டாரை மாற்றி மாட்டிய பிறகு அனுபவசாலிகள் செய்யும் முதல் காரியம் ஒன்று உண்டு. பட்டனைத் தொடும்முன், கதவைக் கையால் சுற்றிப் பாதி வழியில் நிறுத்துவார்கள். வாசலில் கயிறு கட்டி யாரும் வராமல் தடுப்பார்கள். பிறகு ‘திற’ பட்டனை ஒரு நொடி மட்டும் தட்டி விடுவார்கள். கதவு எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பார்கள். தப்பான பக்கம் அசைந்தாலும் ஓரத்துக்குப் போக இன்னும் பாதி வழி இருக்கிறது. நிறுத்த நேரம் இருக்கிறது. சரியான பக்கம் அசைந்தால், அடுத்து லிமிட் சுவிட்ச்சைக் கையால் தட்டி, அந்தத் திசையின் கான்டாக்டர்தான் விடுகிறதா என்று பார்ப்பார்கள். அதன் பிறகுதான் முழு ஓட்டம். பயணிகள் கப்பல்களில், கடலில் பயன்பாட்டில் இருக்கும் முக்கியக் குறுக்குச் சுவர்க் கதவுகளை தினமும் ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி.